விரலில் சாம்பல் பூசும் கல்: மாலிப்டினைட்டா, பென்சில் கரியா?

போன வருடம் எங்கள் சைட்டில் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், கைப்பிடி அளவு வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு பக்கத்தில் மட்டும் ஈயத் தகட்டைக் கிழித்து ஒட்டியதுபோல் மினுமினுப்பு. "அண்ணே, எங்க ஊரு கிராஃபைட் மாதிரியே இருக்கு, ஆனா அது கருப்பு, இது என்னமோ நீலமா தெரியுது" என்றார். சிவகங்கையில் கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி, வெட்டி எடுக்கிறார்கள். அந்தக் கல்லைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண் ஒன்று நீலம் தெரிகிறது என்று சொன்னால் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

இங்கே சிங்கப்பூரில் நாம் கான்கிரீட்டுக்குப் போடும் ஜல்லி பெரும்பாலும் வெளியிலிருந்து, ஜொகூர் பக்கமிருந்தோ இந்தோனேசியத் தீவுகளிலிருந்தோ வருகிற கருங்கல். கருங்கல்லுக்குள் வெள்ளைப் பளிங்குக் (குவார்ட்ஸ், சலவைக்கல் அல்ல) கீற்று ஓடும் இடங்களில்தான் உலோகக் கனிமங்கள் ஒளிந்திருக்கும். அதனால் லாரி கொட்டிய குவியலில் மினுமினுக்கிற கல் கிடைப்பது அதிசயமில்லை. அதில் பத்துக்கு ஒன்பது அப்பிரகம், அதாவது நம் காக்காப்பொன். மிச்சத்தில் இரும்புக் கந்தகக் கல்லான பைரைட். எப்போதாவது ஒன்று மாலிப்டினைட். பூமியின் மேலோட்டில் மாலிப்டினம் என்ற உலோகம் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ ஒரு பங்குதான் இருக்கிறது, அந்த உலோகத்துக்கு முக்கியமான கனிமம் இதுதான். கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புக்கிட் தீமா காட்டிலோ மற்ற பூங்காக்களிலோ பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டாம், அங்கிருந்து கல் எடுக்கக் கூடாது. சைட் ஜல்லி என்றால் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அந்த லோடோடு வரும் டெலிவரி சீட்டில் (டீஓ) எந்தக் குவாரி என்று இருக்கிறது என்பதையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். விளிம்பு உடைந்த பழைய கோப்பிக் கோப்பை ஒன்று, ஒரு தையல் ஊசி, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைவிடக் கொஞ்சம் வலுவான காந்தம், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு 10 மடங்கு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில். கோப்பை ஏன் என்றால், அதன் உடம்பு முழுக்க வழவழப்பான மெருகு, அடி வளையத்தில் மட்டும் மெருகு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். நமக்கு இரண்டும் வேண்டும். தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல, இங்கேயும் அதே வேலைதான், உரைகல் மட்டும் கருப்புக்குப் பதில் வெள்ளை.

இனி கல் என்ன செய்கிறது என்று பார்த்து, அதற்குரிய இடத்துக்குப் போங்கள்.

தொட்டால் விரலில் சாம்பல் நிறம் ஒட்டுகிறது, வழுக்குகிறது

மாலிப்டினைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. அதே அளவு கிராஃபைட்டாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டும் நகத்தால் கீறும் அளவுக்கு மென்மை, இரண்டும் தகடு தகடாக உரியும், இரண்டும் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், இரண்டும் தாளில் எழுதும். இதைக் குழப்பிக்கொள்வது நாம் மட்டுமல்ல. மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஏனென்றால் ஈயக் கல், கிராஃபைட், இது எல்லாவற்றையும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே பெயரில் அழைத்து வந்தார்கள். 1778இல் ஷீலே என்ற வேதியியலாளர்தான் இது கிராஃபைட்டும் இல்லை ஈயமும் இல்லை என்று காட்டினார், 1781இல் யெல்ம் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தார்.

சைட்டில் மெக்கானிக்காக இருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமான பொருள். எக்ஸ்கவேட்டர் பின்னுக்கு அடிக்கிற கருஞ்சாம்பல் மோலி கிரீஸில் கலந்திருப்பது இதே சேர்மம்தான், மாலிப்டினம் டைசல்பைடு. அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக மட்டும் பிடித்துக்கொண்டு சறுக்குவதால்தான் கிரீஸிலும் வழுக்குகிறது, கல்லிலும் வழுக்குகிறது.

சரி, பிரிப்பது எப்படி? கோப்பையின் மெருகுள்ள பக்கத்தில் கல்லின் மினுமினுப்பான இடத்தை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கோடு. இப்போது இரண்டையும் இன்னொரு மெருகான பீங்கான் துண்டால் தேய்த்து மெல்லியதாகப் பரப்புங்கள். கிராஃபைட் எவ்வளவு பரப்பினாலும் கருப்பு அல்லது கருஞ்சாம்பலாகவே இருக்கும். மாலிப்டினைட் பரவப் பரவ லேசான பச்சை கலந்த சாம்பலாக மாறும். வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பச்சை மறக்காது. கல்லின் நிறத்தையே பார்த்தாலும் கிராஃபைட்டில் கருப்பு அல்லது பழுப்பின் சாயல், மாலிப்டினைட்டில் நீலத்தின் சாயல். சிவகங்கைத் தம்பி பார்த்தது இதைத்தான். தனியாக ஒரு கல்லை வைத்துக்கொண்டு நீலமா என்று கேட்டால் எல்லாமே நீலமாகத் தெரியும், பக்கத்தில் பென்சில் கோடு இருந்தால்தான் கண் ஏமாறாது.

கோடு இழுத்தேன், இரண்டும் ஒரே கருப்பாகத்தான் தெரிகிறது

பெரும்பாலும் கோடு தடிமனாகிவிட்டிருக்கும். பச்சை, மெல்லிய படலத்தில்தான் தெரியும். அல்லது கோப்பையின் அடி வளையத்தில், சொரசொரப்பான பக்கத்தில் இழுத்திருப்பீர்கள், அங்கே துகள் குவிந்து இரண்டும் கருப்பாகிவிடும். இன்னொரு காரணம் விளக்கு. புளோக் தாழ்வாரத்து விளக்கு வெளிச்சத்தில் இந்தப் பச்சையைப் பிடிக்க முடியவில்லை, நான் இரண்டு இரவு முயன்று பார்த்து விட்டுவிட்டுக் காலையில் சன்னல் ஓரத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது. விரல் எண்ணெய், கிரீஸ், சிமெண்ட் தூசி படிந்த இடத்தில் இழுத்தாலும் கோடு பொய் சொல்லும். ஊசியால் மேல் அடுக்கைக் கிளப்பிவிட்டுப் புதிய முகத்தில் இழுங்கள்.

தகடு வளைகிறது

ஊசி முனையால் ஒரு சிறு தகட்டைக் கிளப்பி மெதுவாக வளைத்து விட்டுவிடுங்கள். திரும்பி நிமிர்ந்தால் அது அப்பிரகம். வளைந்தது வளைந்தபடியே கிடந்தால் மாலிப்டினைட் அல்லது கிராஃபைட். அரை நிமிட வேலை, ஆனால் இதைச் செய்தாலே குவியலில் கிடைக்கும் பெரும்பாலான கற்கள் கழிந்துவிடும். பழுத்துப்போன கருப்பு அப்பிரகம் வெண்கல நிறத்தில், சில சமயம் தங்க நிறத்திலேயே மின்னும். அதற்குக் காக்காப்பொன் என்று நம் முன்னோர் பேர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

தகட்டின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு பக்கம் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் மூன்றுக்குமே ஆறு பக்கம் வரும் என்பதால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கோடு சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ விழுகிறது

ஹேமடைட், இரும்புத் தாது. மினுமினுக்கும் தகடுகளாக வரும் வகை ஒன்று உண்டு, வெளியே பார்த்தால் எஃகுச் சாம்பல், தொட்டால் பளபளவென்று கையில் உதிரும். உதிர்கிறதே, அப்போ மென்மையான கல்தானே என்று நினைத்துவிடுவோம். உதிர்வது வேறு, கீறுவது வேறு. ஒரு தகடு உண்மையில் நகத்துக்கு மசியாது, தகடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காததால் உதிர்கிறது, அவ்வளவுதான். சொரசொரப்பான அடி வளையத்தில் ஒரு கோடு இழுத்தால் துருச் சிவப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடே விழவில்லை, அல்லது வெள்ளையாக விழுகிறது

கல் பீங்கானைவிடக் கடினமாக இருந்தால் தேய்ந்து விழுவது பீங்கானின் பொடி. துடைத்துப் பாருங்கள், கீழே பள்ளம் இருந்தால் அது கோடு இல்லை, கீறல். நீங்கள் மினுமினுப்பைத் தேய்க்காமல் பக்கத்துப் பளிங்கைத் தேய்த்திருக்கலாம். கருப்பாக, கனமாக, கோடு வெள்ளையோ வெளிர்பழுப்போ என்றால் வெள்ளீயக் கல்லான காசிட்டரைட்டாக இருக்கலாம். மலேசியாவில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கும் பகாங்கின் சுங்கை லெம்பிங்கும் பேர் வாங்கியது இதனால்தான், மலாய்த் தீபகற்பம் முழுக்கக் கருங்கல்லோடு சேர்ந்து வரும் கனிமம். அதுவும் எடுத்து வைக்க வேண்டிய கல்தான். ஆனால் பழைய சுரங்கத்தைத் தேடிப் போய் இருட்டுக் குகைக்குள் இறங்கிவிடாதீர்கள், வழிகாட்டியோடு திறந்திருக்கும் இடம் மட்டும் போதும்.

சாம்பல் நிறம்தான், ஆனால் தகடாக உரியவில்லை

உடைத்தால் குட்டிக் குட்டிக் கனசதுரமாக உடைந்து, கையில் வைத்ததும் அளவுக்கு மீறிக் கனத்தால் கலினா, ஈயத் தாது. கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள். நீளநீளமாக ஊசி அடுக்கியதுபோல் இருந்தால் அஞ்சனக்கல், ஆன்டிமனித் தாது. 1820களில் சரவாக்கிலிருந்து கப்பல் கப்பலாகச் சிங்கப்பூருக்கு வந்த கல் இது. தட்டும்போது பூண்டு வாசனை அடித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது ஆர்சனிக் கலந்த கல், நம் பேச்சில் பாஷாணம். அதை வீட்டு அடுப்பில் சுட்டுப் பார்க்கவே கூடாது.

எடைக் கணக்கு எங்கேயும் பொருந்தவில்லை

இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நான் முதலில் தவறவிட்டேன்.

அளக்கிற முறை சுலபம். கல்லைக் காய வைத்து எடை போடுங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவதுதான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். காய்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. மாலிப்டினைட் தனியாகக் கிடைத்தால் ஏறத்தாழ 4.7 வரும், கிராஃபைட் 2.2, பைரைட் 5, கலினா 7.5. 14.1 கிராம் துண்டு தண்ணீரில் 3.0 காட்டினால் 4.7, சந்தேகத்துக்கு இடமில்லை. சரியான எண் வரவில்லை என்றால் தகட்டுக்கு இடையில் காற்றுக் குமிழி மாட்டியிருக்கும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டுக் கல்லை அசைத்து எடுங்கள். சமையல் தராசு 1 கிராம் கணக்கில்தான் காட்டும், சின்னக் கல்லுக்கு அது உதவாது.

தம்பி கொடுத்த கல் 40 கிராம், தண்ணீரில் 14.0 காட்டியது. அதாவது 2.86. நான் உடனே, 4.7 எங்கே 2.86 எங்கே, இது மாலிப்டினைட் இல்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். அன்று ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. நான் அளந்தது மினுமினுப்பை இல்லை, பளிங்கும் மினுமினுப்பும் சேர்ந்த கலவையை. வெறும் பளிங்கின் அடர்த்தி 2.65. அதோடு கிராஃபைட் சேர்ந்தால் கிராஃபைட் பளிங்கைவிட லேசு என்பதால் மொத்தம் 2.65க்குக் கீழே இறங்கியாக வேண்டும். இங்கே மேலே ஏறியிருக்கிறது. ஆக ஒட்டியிருப்பது பளிங்கைவிடக் கனமான ஒன்று. கணக்குப் போட்டால் கன அளவில் பத்தில் ஒரு பங்கு மாலிப்டினைட் இருந்தால் 2.86 சரியாக வந்துவிடுகிறது. கண்ணுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கூடவே பைரைட் இருந்தால் அதுவும் எடையை மேலே தூக்கிவிடும், அதனால் பூதக்கண்ணாடியில் மஞ்சள் பொட்டு எங்கேயாவது இருக்கிறதா என்று கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கணக்கை நம்ப வேண்டும்.

காந்தம் இழுக்கிறது

மாலிப்டினைட் இல்லை. மேக்னடைட், நம் காந்தக்கல், அல்லது கல்லே இல்லாத ஏதாவது ஒன்று. வெல்டிங் கசடு, அரைத்த இரும்புத் தூள், கம்பித் துண்டு எல்லாம் ஜல்லியில் கலந்து கிடக்கும். துளைத் துளையாக, உருகி ஓடிய அடையாளத்தோடு இருந்தால் உலைக் கசடு. கப்பல் பட்டறைப் பக்கம் கிடைக்கும் கண்ணாடிபோன்ற கருப்புத் துகள் பெரும்பாலும் துரு உதிர்க்கக் காற்றில் அடிக்கிற தாமிரக் கசடு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கிடைத்தது என்றால் இன்னும் கவனம். அந்தக் கரை 1966இல் தொடங்கிய மண் நிரப்பில் எழுந்தது, அங்கே கிடைக்கிற கல் எந்த மேட்டிலிருந்து, எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது.

மஞ்சளாக மின்னுகிறது, தங்கமா?

அதிகம் கேட்கிற கேள்வி, பதில் சின்னது. ஊசியால் அழுத்துங்கள். தங்கம் மெழுகுபோல் பள்ளம் விழும், பொடியாகாது. பைரைட்டில் ஊசி வழுக்கும், தட்டினால் உடையும், கோடு கரும்பச்சை அல்லது கருப்பு. தாமிரக் கந்தகக் கல் ஊசிக்குக் கீறும், கீறிய இடம் பொடியாகும். தகடாக உரிந்து நிமிர்ந்தால் மேலே சொன்ன காக்காப்பொன். பைரைட்டை வைத்துக்கொள்ள ஆசை என்றால் நம் ஊர் ஈரத்தில் அது மெல்ல மெல்ல வெண்பொடியாக உதிர்ந்து, அமிலம் விட்டு, பக்கத்துக் காகிதத்தையும் அரிக்கும். கேமரா லென்ஸ் வைக்கும் உலர்பெட்டியில் ஒரு மூலை கொடுங்கள்.

பக்கத்தில் எலுமிச்சை மஞ்சளில் பொடி படிந்திருக்கிறது

நல்ல அறிகுறி, கழுவிவிடாதீர்கள். மாலிப்டினைட் வெயில் மழையில் மாறும்போது ஃபெரிமாலிப்டைட் என்ற மஞ்சள் கனிமம் அதன் மேலேயே படியும். துருவின் மஞ்சள் மண்ணைப்போல் மங்கிப் பழுப்பாக இருக்கும், இது அதைவிடத் தெளிவான மஞ்சள். சாம்பல் தகடும் இந்த மஞ்சளும் ஒரே கல்லில் இருந்தால் கிராஃபைட் என்ற பேச்சை ஏறத்தாழ விட்டுவிடலாம்.

எல்லாம் பொருந்துகிறது, இருந்தாலும் மனசு ஒப்பவில்லை

அப்போது கல் ஒட்டியிருந்த பாறையைக் கேளுங்கள். மாலிப்டினைட்டுக்குப் பிடித்த இடம் கருங்கல்லும் அதை வெட்டிப் போகும் பளிங்குக் கீற்றும். நம் தமிழ்நாட்டிலேயே தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் அது இருப்பது தெரிந்த விஷயம். கிராஃபைட் பெரும்பாலும் பழைய வண்டல் பாறை வெந்து உருமாறிய இடங்களில் வரும், வரிவரியாக ஓடும் பாறையில், சலவைக்கல்லில். இலங்கையின் போகல மாதிரி கிராஃபைட்டே தடித்த நரம்பாக ஓடும் இடமும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனையையும் தகட்டில் வையுங்கள், கிராஃபைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மாலிப்டினைட் குறைகடத்தி என்பதால் மின்தடை எண் மிக அதிகமாக நிற்கும். முனையை அழுத்துவதைப் பொறுத்து எண் ஆடும், எனவே துணைக்கு மட்டும்.

கடைசி வழி, பழைய இரும்புக் கடையில் உலோகம் பிரிக்க வைத்திருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி. 304 எவர்சில்வரையும் 316ஐயும் பிரிக்க அவர்கள் தினமும் தேடுவதே மாலிப்டினத்தைத்தான், 316இல் 2 முதல் 3 சதவீதம் அது இருக்கிறது. கிராஃபைட் வெறும் கரி, அந்தத் துப்பாக்கியின் கண்ணுக்குக் கரி தெரியாது. ஆக கல்லில் வைத்து அழுத்தினால் மாலிப்டினம் என்று வரும், அல்லது சிலிக்கனும் கொஞ்சம் இரும்பும் வந்து நின்றுவிடும். ஒன்றைக் கவனியுங்கள், கந்தகம், மாலிப்டினம், ஈயம் மூன்றும் குறைந்த ஆற்றல் பக்கத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வரி காட்டும். அதனால் மாலிப்டினத்தின் உயர் ஆற்றல் வரி, 17.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் இருப்பது, தனியாக எழுந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நானும் தம்பியும் தெரிந்த ஒருவரின் கடைக்குப் போனோம். அவர் கல்லை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, தகட்டின்மேல் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். திரையில் முதல் வரியே மாலிப்டினம். தம்பி போனில் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். கல்லை இரண்டாக உடைக்க மனம் வரவில்லை, முழுசாகத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். அடியில் ஒரு சின்னச் சீட்டு மட்டும் ஒட்டினோம்: மாலிப்டினைட், பளிங்கில், சைட் ஜல்லி, ஜொகூர் லோடு, தேதி, கண்டெடுத்தவர் பெயர்.